மறுக்க இடமுள்ள அழைப்பு

லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பிய தாமஸ் பெய்ட்டன் 1819இல் பினாங்கில் வந்திறங்கினார். 1844இல் இறக்கும்வரை இந்தத் தீவே அவருக்கு ஊராக இருந்தது. மலாய் மொழியைக் கற்றார், மலாய்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார், கைப்பிரதிகள் அச்சடித்துக் கொடுத்தார். உடன் ஊழியம் செய்த ஜான் இன்ஸ் 1825இலேயே இறந்துபோனார். 25 ஆண்டு உழைத்தும், தம் அழைப்பை ஏற்ற மலாய்க்காரர்கள் என்று பெய்ட்டன் காட்டக்கூடியவர்கள் வெகு சிலரே. 1842இல் நான்கிங் உடன்படிக்கை சீனத் துறைமுகங்களைத் திறந்துவிட்டதும் சங்கத்தின் கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது.

அவரிடம் அன்பு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. வெப்பமும் காய்ச்சலும் நிறைந்த ஊரில் கால் நூற்றாண்டு தங்கியவர் அவர். மலாய் மக்களின் வாழ்வோடு இஸ்லாம் எவ்வளவு ஆழமாகப் பின்னியிருக்கிறது என்பதையும் மறந்துவிட்டு அவரை எடைபோடக் கூடாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கத் தோன்றுகிறது. வந்தவர் ஆசிரியர், கேட்டவர்கள் மாணவர்கள். கொடுத்தவர் ஆளும் இனத்தவர், வாங்கியவர்கள் ஆளப்பட்டவர்கள். அந்த இடைவெளியில் நட்பு முளைப்பது கடினம். நம்பிக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எந்த வழியாகப் போகிறது என்ற கேள்வியை பினாங்கில் இருந்துகொண்டு கேட்பவர்கள் பெய்ட்டனிடமிருந்து தொடங்குவதே நேர்மை.

இந்தக் கேள்வியைச் சமூகவியலாளர்கள் களத்தில் இறங்கி ஆராய்ந்திருக்கிறார்கள். ஜான் லாஃப்லண்ட், ராட்னி ஸ்டார்க் என்ற இருவர் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில், கொரியாவிலிருந்து வந்த ஒரு சிறு மதக்குழுவைக் கூடவே இருந்து கவனித்தார்கள். 1965இல் தம் முடிவை வெளியிட்டார்கள். மேடைப் பேச்சும் பத்திரிகை அறிக்கையும் ஏறக்குறைய யாரையும் கொண்டுவரவில்லை. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளே இருந்த யாரோ ஒருவருக்கு முன்பே நண்பராகவோ உறவினராகவோ அண்டைவீட்டாராகவோ இருந்தவர்கள். கொள்கையைக் கேட்டுப் பிறகு நண்பர்களானவர்கள் குறைவு. நண்பர்களாகி, பிறகு கொள்கையைக் கேட்டவர்களே மிகுதி. ஸ்டார்க் 1996இல் எழுதிய நூலில் இதே கண்ணோட்டத்தை ஆதிக் கிறிஸ்தவத்தின்மேல் பொருத்திப் பார்த்தார். கி.பி. 40இல் ஏறத்தாழ 1,000 பேர் இருந்திருந்து, பத்தாண்டுக்கு 40 விழுக்காடு கூடியிருந்தால், கி.பி. 300இல் 60 லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்பது அவர் கணக்கு. இது மதிப்பீடுதான், ஆவணம் அல்ல. ஆனால் இவ்வளவு வளர்ச்சிக்குப் பெருங்கூட்டங்களும் அற்புத நிகழ்வுகளும் கட்டாயம் தேவையில்லை, வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் நகர்ந்தாலே போதும் என்பதை அந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. மூன்றாம் நூற்றாண்டில் கொள்ளைநோய் ரோமப் பேரரசை வாட்டியபோது நோயாளியை விட்டு ஓடாமல் கூட இருந்து கவனித்தவர்கள் கிறிஸ்தவர்கள் என்று அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியு எழுதினார். அவர் தம் மக்களைப் பற்றிப் பெருமை பேசினார் என்று தள்ளிவிடலாம். நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை வெறுத்த பேரரசன் ஜூலியனும் அதையே சொன்னான்: தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் இவர்கள் காப்பாற்றுகிறார்களே என்று தன் குருமார்களைக் கடிந்துகொண்டான். எதிரியின் வாயிலிருந்து வந்த சாட்சிக்கு எடை அதிகம்.

இந்த ஆய்வை வாசிக்கும் கிறிஸ்தவர்கள் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. லாஃப்லண்டும் ஸ்டார்க்கும் பார்த்தது பெரும்பாலான திருச்சபைகள் பிழையான போதனை என்று ஒதுக்கிய ஒரு குழுவை. நட்பு என்ற பாலத்தில் உண்மையும் நடந்துபோகும், பொய்யும் நடந்துபோகும். நண்பர் சொன்னார் என்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. அதனால் அழைப்பவருக்கு இரட்டைப் பொறுப்பு வந்து சேர்கிறது: தாம் சொல்வது உண்மைதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், தம்மேல் நண்பர் வைத்த நம்பிக்கையைக் கருவியாக்காமலும் இருக்க வேண்டும்.

தமிழ் மண்ணில் இதற்குச் சிறந்த சான்று எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் 1827இல் பிறந்த வைணவர். கம்பனில் ஊறிய புலவர். 1853இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அங்கே வேலை பார்த்தும் அவர் உடனே மாறிவிடவில்லை. அவரை அசைத்தது, முன்பே கிறிஸ்தவரான தனகோடி ராஜு போன்ற நண்பர்களின் பேச்சும் அவர்கள் வாசிக்கக் கொடுத்த நூல்களும்தான். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். 1894இல் அவருடைய இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியம் வெளிவந்தது. நிறுவனம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது, நண்பர்கள் நேரம் கொடுத்தார்கள். பிள்ளையவர்களின் காவியத்தைப் படிக்கும் யாருக்கும் அவர் கம்பனை விட்டுவிட்டு வரவில்லை என்பது தெரியும். நண்பர்கள் வழியே வந்ததால்தான், தம்மிடம் இருந்ததையெல்லாம் சுமந்துகொண்டு வர முடிந்தது என்று நினைக்கிறேன். வற்புறுத்தலில் வருகிறவர் வெறுங்கையோடு வருவார்.

ஆனால் இப்படித் தனியாக வந்தவர்கள் குறைவு. திருநெல்வேலியில் 19ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாகச் சேர்ந்தவர்களே அதிகம். உறவின் வழியாக நம்பிக்கை பரவியது என்று இதையும் சொல்லலாம். ஆனால் உறவு நம் தமிழரிடையே சாதிக்குள்ளேயே ஓடுவது. அந்த வாய்க்காலில் நற்செய்தி ஓடியபோது சாதியும் கூடவே ஓடி ஆலயத்துக்குள் வந்து பாய் விரித்து உட்கார்ந்தது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென்று ஆணையிட்டபோது, பெரும் கவியான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே அதை எதிர்த்து நின்றார். இதை மறைத்துவிட்டு அன்பின் வழியாக வளர்ந்தோம் என்று நாம் பெருமை பேசுவது சரியில்லை.

சபைக்குள் இருக்கும் இத்தகைய ஏற்றத்தாழ்வைச் சொல்லாமல் விடாதவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. செயலராகத் தென்னாடெங்கும் அலைந்தபோது ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர் அவருக்கு உற்ற தோழரானார். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் கடந்து ஊழியர்களை அனுப்புவதைக் கண்டு, நம்மவர்கள் ஏன் சும்மா இருக்கிறோம் என்று உள்ளம் கொதித்துத் திரும்பினார். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1910 ஜூனில் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டுக்கு 1,200 பேர் அளவில் வந்திருந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் மேற்கத்தியர். அங்கே 35 வயது அசரியா எழுந்து மேற்கத்திய மிஷனரிகளின் முகத்துக்கு நேராகப் பேசினார். இந்தியச் சகோதரரை உங்கள் மேசைக்கு எத்தனை பேர் அழைக்கிறீர்கள், சமமாகக் கைகுலுக்குகிறீர்களா என்பது அவர் கேள்வியின் சாரம். பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அவையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நூறாண்டு கழித்து அந்த மாநாட்டில் பேசப்பட்டவற்றில் பெரும்பாலானவை மறந்துபோயின. அந்தத் தமிழர் பேச்சை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

அசரியா பேசியது மிஷனரிக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையே உள்ள உறவைப் பற்றி. ஆனால் அதை விரித்துப் பொருள்கொள்ள இடமிருக்கிறது. சமமாக உட்கார்ந்து சாப்பிடாதவரிடமிருந்து வரும் அழைப்பு, எவ்வளவு இனிமையாக இருந்தாலும், மேலிருந்து கீழே இறங்கி வரும் உத்தரவுபோலத்தான் காதில் விழும்.

பினாங்கின் கதையை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் தீவை எடுத்த அதே ஆண்டில் கெடாவிலிருந்து வந்த யுரேசியக் கத்தோலிக்கர்களோடு விண்ணேற்பு அன்னை ஆலயம் தொடங்கியது. 1808இல் பொதுக் குருமடம் இங்கே வந்து, ஆசியாவின் பல நாட்டு இளைஞர்களை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்தது. ஆங்கிலிக்கர்களின் புனித ஜார்ஜ் ஆலயம் 1818இல் எழுந்தது. 1852இல் லசால் சகோதரர்களும் கான்வென்ட் அருள்சகோதரிகளும் வந்தார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பினாங்கு சாலையில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் தாய்வீடானது. 1924இல் சிறு மருந்தகமாகத் தொடங்கியது இன்றைய அட்வென்டிஸ்ட் மருத்துவமனை.

பள்ளியும் மருத்துவமனையும் அநாதை இல்லமும் செய்த நன்மையை எந்தச் சமயத்தவரும் மறுப்பதில்லை. இந்த ஊரில் கான்வென்டில் படித்த இந்துப் பாட்டிகளும் சேவியர் பள்ளியில் படித்த முஸ்லிம் தாத்தாக்களும் ஏராளம். எனினும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் மதிப்பெண் போடுகிறவர். தாதி ஊசி கையில் வைத்திருப்பவர். அநாதைக் குழந்தைக்குப் போக வேறு வாசல் இல்லை. அங்கெல்லாம் அன்பு செய்யலாம், செய்யவும் வேண்டும். அழைப்பு விடுக்க அது தக்க இடம் அல்ல. மறுத்தால் என்ன ஆகுமோ என்ற அச்சம் கேட்பவர் மனத்தின் ஓரத்தில் இருக்கும். நண்பரிடம் மட்டும்தான் "எனக்கு வேண்டாம்" என்று பயமில்லாமல் சொல்ல முடியும்.

மலேசியா இதற்கென்றே ஒரு நல்ல பழக்கத்தை வளர்த்து வைத்திருக்கிறது: திறந்த இல்ல உபசரிப்பு. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவானாலும் கதவைத் திறந்துவைத்து, யார் வந்தாலும் சோறு போடும் வழக்கம். ஜார்ஜ் டவுன் அடுக்குமாடி ஒன்றில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் கிறிஸ்துமஸ் உபசரிப்பு வைக்கும்போது சமையலறையில் நடக்கும் கணக்கைக் கவனித்தால் அன்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். இந்து நண்பர்கள் வருவார்கள், மாட்டிறைச்சி இருக்காது. முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள், ஹலால் உணவு தருகிற கடையிலிருந்துதான் பிரியாணி வரும். சைவம் சாப்பிடும் சீனப் பாட்டிக்குத் தனிச் சட்டியில் பீஹூன். யாரும் இதைத் தியாகம் என்று நினைப்பதில்லை. அண்டைவீட்டாரின் வயிற்றை நினைத்துச் சமைப்பது இந்த ஊரில் சாதாரணம்.

நாம் வாங்கிக்கொள்ளும் முறை வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தீபாவளிக்கு எதிர்வீட்டு அம்மா தட்டு நிறைய முறுக்கும் அதிரசமும் அனுப்புவார். சாமிக்குப் படைத்ததாக இருக்குமோ என்ற கலக்கம் பல கிறிஸ்தவ வீடுகளில் உண்டு. சிலர் புன்னகையோடு வாங்கி, பிறகு யாருக்கோ கொடுத்துவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களில் இதே சிக்கலை நிதானமாக அலசியிருக்கிறார். நம்பாதவர் ஒருவர் விருந்துக்கு அழைத்து, போகவும் விரும்பினால், முன்னால் வைத்ததைத் துருவிக் கேட்காமல் சாப்பிடச் சொல்கிறார். இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவரின் மனச்சாட்சிக்காக விலகச் சொல்கிறார். வழிபாட்டில் கலந்துகொள்வதற்கும் அண்டைவீட்டார் கையால் சாப்பிடுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை அவர் அன்றே கண்டிருந்தார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் பாதையில் நண்பர் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தால், அங்கே நின்று ஒரு குவளை மோர் குடித்துவிட்டு அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துப் போவதில் எந்த நம்பிக்கைத் துரோகமும் இல்லை என்பது என் கருத்து. கொடுக்க மட்டும் தெரிந்து வாங்கத் தெரியாதவர், தெரியாமலே மேல்படியில் நிற்கிறார். அசரியா குறைகண்டது அந்தப் படியைத்தான்.

இதைப் பொதுமக்கள் தங்கள் கால்களாலேயே காட்டும் இடம் ஒன்று அக்கரையில் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலம் 1846இல் ஒரு சிற்றாலயமாகத் தொடங்கியது. 2019இல் வத்திக்கான் அதை இணைப் பசிலிக்காவாக உயர்த்தியது. ஜூலை 26ஐ ஒட்டிய திருவிழாவில் சீனர்களும் தமிழர்களும் யுரேசியர்களும் மெழுகுவர்த்தி ஏந்தி நடக்கிறார்கள். தமிழிலும் திருப்பலி உண்டு. வருபவர்களில் திருமுழுக்குப் பெறாதவர்கள் ஏராளம். சிலர் பக்தியோடு வருகிறார்கள், சிலர் நேர்த்திக்கடனுக்கு, சிலர் நண்பர் கூப்பிட்டார் என்பதற்காக. வாசலில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. வந்தவர்கள் திருத்தலத்தின் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள், அடுத்த ஆண்டும் வருகிறார்கள். அவர்களை இன்னும் சேராதவர்கள் என்று எண்ணி ஏங்குவோரும் உண்டு. இயேசுவிடம் வந்த கூட்டத்திலும் பலர் அப்பம் தின்றுவிட்டுப் போனவர்கள்தானே.

இங்கே நம் தமிழ்ச் சபைகளின் ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். "ஆத்தும ஆதாயம்" என்கிறோம். பழைய மிஷனரித் தமிழ். சொன்னவர்களின் உள்ளத்தில் தூய ஆசையே இருந்தது. ஆனால் ஆதாயம் கடைத்தெருச் சொல். மாதம் இத்தனை ஆத்துமா என்று அறிக்கை எழுதத் தொடங்கியதும் எதிர்வீட்டு அம்மா ஒரு எண்ணாகிவிடுகிறார். அவருக்குக் கொண்டுபோன பாயசம் முதலீடாகிவிடுகிறது. ஆறு மாதம் நெருங்கிப் பழகி, ஜெபக்கூட்டத்துக்கு வரமாட்டேன் என்றதும் பேச்சைக் குறைத்துக்கொண்டவர்களை நான் அறிவேன். கைவிடப்பட்டவர்கள் அதைப் பல ஆண்டு மறப்பதில்லை. மதமாற்றம் என்ற சொல் நம் மக்களிடையே இவ்வளவு கசப்பாக ஒலிப்பதற்கு அரசியல் மட்டும் காரணம் அல்ல. இத்தகைய காயங்களும் காரணம். 2010 கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள், 4 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். இவ்வளவு சிறிய சமூகத்தில் ஒரு வீட்டில் விழுந்த காயம் அத்தை, மாமன், பங்காளி என்று பத்து வீட்டுக்குத் தெரியும்.

அப்படியானால் அழைப்பே வேண்டாமா? வேண்டும். தமக்கு உயிராக இருப்பதை நண்பரிடம் ஒருபோதும் சொல்லாதவர் முழு நண்பர் அல்லர். யோவான் எழுதிய நற்செய்தியில் அந்திரேயா தம் சகோதரனைத் தேடிப்போய்ச் சொல்கிறான். பிலிப்பு நண்பன் நாத்தான்வேலிடம் சொல்ல, அவன் நாசரேத்தையே இழிவாகப் பேசுகிறான். பிலிப்பு வாதாடவில்லை, வந்து பார்க்கும்படி கூப்பிட்டதோடு நிறுத்திக்கொள்கிறான். அதே நூலின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களை ஊழியர்கள் என்பதை விட்டு நண்பர்கள் என்று அழைக்கிறார். காரணமும் சொல்கிறார்: தாம் அறிந்ததை அவர்களிடம் மறைக்கவில்லை என்பதால். மறைக்காமல் இருப்பது நட்பு. தள்ளிக்கொண்டு போவது வேறு.

நாம் அன்பு செய்கிறோமா, ஆள் சேர்க்கிறோமா என்று சோதித்துப் பார்க்க மலேசியாவில் ஓர் உரைகல் கிடைத்திருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் விதி ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. இஸ்லாமியரிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்றும் அதே விதியின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டம் நியாயமா என்ற விவாதம் இக்கட்டுரைக்கு வெளியே நிற்கட்டும். அன்றாட வாழ்வில் அதன் பொருள் இதுதான்: சூலியா தெருவில் நாசி கண்டார் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் நண்பர், உங்களோடு ஒரே மொழியில் சிரித்துப் பேசுபவர், உங்கள் அம்மா இறந்தபோது முதலில் வந்து நின்றவர், உங்கள் சபை அழைக்கப்போகிறவர்களின் பட்டியலில் இல்லாதவர். அவரோடு உங்கள் நட்பு எப்படி இருக்கிறது? அவர் பிள்ளையின் திருமணத்துக்குப் போகிறீர்களா? அவர் மருத்துவமனையில் படுத்தால் இரவு விழிக்கிறீர்களா? அவரிடம் காட்டும் அன்பு, அழைக்க முடிகிற இந்து நண்பரிடமும் சீன நண்பரிடமும் காட்டுவதைவிட ஒரு பிடி குறைவாக இருந்தால், அந்தக் குறைகிற பிடிதான் தூண்டிலில் இருந்த இரை.

இந்த உரைகல்லில் தேறிய நட்பு ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், இளவரசர் சரபோஜியைப் பிள்ளைபோல் பேணினார். அவர் படிக்கவும் அரியணை உரிமையைப் பெறவும் துணைநின்றார். அவரிடம் தம் நம்பிக்கையை மறைத்தவர் அல்லர். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை, தம் குலத்தின் வழிபாட்டிலேயே இறுதிவரை நின்றார். 1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் இறந்தார். மன்னர் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் பளிங்கில் நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சை ஆலயத்தில் வைத்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைப் பற்றிக்கொண்டு நிற்கும் சரபோஜியை அந்தப் பளிங்கில் காணலாம். சபைப் பதிவேட்டில் இந்த நட்புக்குக் கணக்கு இல்லை. தமிழ்க் கிறிஸ்தவத்தின் நீண்ட வரலாற்றில் இதைவிட உயர்ந்த சாட்சி இன்னொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

பினாங்கில் இந்தக் கட்டுரையைப் படிக்கும் கிறிஸ்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் டிசம்பரில் கதவைத் திறந்து உபசரிப்பு வைக்கும்போது, போன ஆண்டு ஆராதனைக்குக் கூப்பிட்டு வரமாட்டேன் என்று சொன்னவரின் பெயரை முதலில் எழுதுங்கள். அவர் வராவிட்டால் மாலையில் ஒரு தட்டுப் பலகாரம் எடுத்துக்கொண்டு நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு வாருங்கள்.